அரைக் கப் எண்ணெய்

வெஸ்ட் ஹார்லோவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால், அவள் முகம் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அவள் கொண்டுவரும் பாத்திரம் நினைவுக்கு வந்துவிடும். ஜாய்ஸ் டட்டில் என்றால் மேப்பிள் பாகில் வெந்த பீன்ஸ். தபால் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டு அபிகெய்ல் என்றால் பீட்ரூட் ஊறுகாய். சர்ச்சின் அடித்தள மண்டபத்தில் நீள மேசைகளைப் போட்டு விருந்து வைக்கும்போது, மூடியைத் திறக்காமலே எது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். வெர்னா ஹேஸ்கெல்லுக்கு ஐம்பத்தாறு வயது வரை அப்படி ஒன்று வாய்க்கவில்லை. அவள் கடையில் வாங்கிய பன்னைப் பொட்டலத்திலிருந்து பிரித்து, மூங்கில் கூடையில் துணி விரித்து அடுக்கிக் கொண்டுபோவாள். கூடை அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஐம்பத்தாறாவது வயதில் அவள் ஒரு ரொட்டியைத் திருடினாள்.

அதைத் திருட்டு என்று அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. படிவத்தை நிரப்பினேன் என்றுதான் சொல்லிக்கொண்டாள். சர்ச் சமையல் புத்தகம் போடுவதற்காக ஜாய்ஸ் வீடுவீடாகப் படிவம் கொடுத்திருந்தாள். மேலே ‘பண்டம்’ என்று ஒரு கோடு. அதற்குக் கீழே ‘பெயர்’ என்று ஒரு கோடு. முதல் கோட்டில் பூசணி ரொட்டி என்று எழுதினாள். இரண்டாவது கோட்டில் கோரா பிளாட்ஜெட் என்று எழுதியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பை ஓர் அட்டையில் தன் கையால் எழுதிக் கொடுத்தவள் எதிர்வீட்டுக் கோராதான். ஆனால் கோரா மூன்று வருடத்துக்கு முன்பே மகளின் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒஹாயோவுக்குப் போய்விட்டாள். கோடு சின்னதாக இருந்தது. வெர்னா ஹேஸ்கெல் என்று எழுதினால் அளவாக அடங்கியது.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. எண்ணெய் என்ற இடத்தில் பேனா நின்றது. கோராவின் அட்டையில் ஒரு கப் என்றிருந்தது. அந்த வருடம்தான் செவ்வாய்க்கிழமைதோறும் அதே அடித்தள மண்டபத்தில் எடைக் குறைப்புக் குழு கூடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி, காதணியைக்கூடக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவார்கள். வெர்னா பதினோரு பவுண்டு குறைத்து, குழுவின் நட்சத்திரமாக இருந்தாள். பட்டியலைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் நிற்பவளும் ஜாய்ஸ்தான், படிவத்தைப் படிக்கப்போகிறவளும் ஜாய்ஸ்தான். அவளிடம் போய் ஒரு கப் எண்ணெய் என்று எப்படி எழுதிக் கொடுப்பது? வெர்னா ‘அரைக் கப்’ என்று எழுதினாள். தான் எப்படிப்பட்ட பெண்ணாக இருக்க விரும்பினாளோ அந்தப் பெண் எவ்வளவு ஊற்றுவாளோ அவ்வளவு.

வீட்டில் ஒரு கப்தான் ஊற்றினாள். அன்று மாலையே.

இதெல்லாம் நடந்து ஆறு வருடமாகிவிட்டது. நவம்பர் முதல் வாரத்தில், வாசல்படியில் கண் மூக்கு வெட்டி வைத்திருந்த பூசணிக்காயை அணில்கள் குடைந்து தின்றுகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில் ஜாய்ஸிடமிருந்து போன் வந்தது.

“வெர்னா, புத்தகம் ரெண்டாவது தடவை அச்சுக்குப் போகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருத்தம் ஏதாவது இருந்தா சொல்லிடுங்க.”

“எனக்கென்ன திருத்தம்? ஒண்ணும் இல்ல.”

மறுமுனையில் ஒரு செருமல். “இல்ல, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பூசணி ரொட்டியப் பத்தித்தான். நீங்க செஞ்சு கொண்டுவந்தா வெண்ணெய் மாதிரி இருக்கு. அதையே புத்தகத்தைப் பாத்து நாங்க செஞ்சா மரத்தூள் மாதிரி வருது. நான் நாலு தடவை செஞ்சுட்டேன். அபிகெய்ல் ஒரு தடவை செஞ்சு கோழிக்குப் போட்டா. கோழி தண்ணியத் தேடி ஓடிச்சாம்.”

“ஆறு வருஷமா இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லியே!”

“எப்படிச் சொல்றது? உங்களுக்குக் கைப்பக்குவம்னு சொல்லிக்கிட்டோம். சிலபேர் வேற மாதிரியும் சொன்னாங்க.”

“வேற மாதிரின்னா?”

“வேணும்னே எதையோ விட்டுட்டு எழுதிக் குடுத்திருப்பீங்கன்னு. நான் நம்பல. வெர்னா அப்படிப்பட்டவ இல்லன்னு சண்டையே போட்டேன்.”

போனை வைத்த பிறகு வெர்னா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது வெட்கம் அல்ல. அதுதான் அவளுக்கே பின்னால் வெட்கமாக இருந்தது. முதலில் வந்தது, ‘கைப்பக்குவம்’ என்ற சொல் தந்த சின்ன இனிப்பு. அதை நாக்கில் வைத்து ஒரு நிமிடம் சப்பிய பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. ஒரு கப் என்று திருத்தினால் அது முழுக்க முழுக்கக் கோராவின் ரொட்டி ஆகிவிடும். திருத்தாமல் விட்டால் தன் பெயரில் மரத்தூள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குறிப்பில் வெர்னா ஹேஸ்கெல் சொந்தமாகச் செய்த ஒரே காரியம், அதிலிருந்த ஈரத்தை எடுத்ததுதான்.

இதில் இன்னொரு சங்கடம். கோரா திரும்பி வந்துவிட்டாள். இரட்டைக் குழந்தைகள் வளர்ந்து தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், பத்து நாளுக்கு முன்பு, எதிர்வீட்டு ஜன்னல்களில் அடித்திருந்த பலகைகளைக் கழற்றி, புகைபோக்கியைச் சுத்தம் செய்து குடியேறியிருந்தாள். கோரா சர்ச்சுக்குப் போகிறவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பாள். அந்தக் காலத்தில் அவள் ரொட்டியும் சாலையைத் தாண்டி வெர்னாவின் வீடு வரைக்கும்தான் வரும். ஊருக்கு அது தெரியாது. வெர்னா இத்தனை காலம் நிம்மதியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

புதன்கிழமை மதியம் கோரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். ஒன்பது வருட இடைவெளியில் அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. கையில் அலுமினியத் தாளில் சுற்றிய ஏதோ இருந்தது.

“வெர்னா, உக்காரு. உண்மையச் சொல்லு. உடம்புக்கு ஏதாவதா?”

“எனக்கா? ஒண்ணும் இல்லியே.”

“அப்போ இதத் தின்னு பாரு.” தாளைப் பிரித்தாள். பாதி ரொட்டி. வெட்டிய இடத்தில் மணல் மேடு சரிவது போலத் தூள் உதிர்ந்தது. “அந்தப் போதகர், நல்ல மனுஷன், ரொட்டியும் சர்ச் சமையல் புத்தகமும் வெச்சு வரவேற்புக் கூடை கொண்டுவந்து குடுத்தாரு. நான் சர்ச்சுக்கு வரமாட்டேன்னு சொன்னேன். ரொட்டிக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிட்டு வெச்சுட்டுப் போனாரு. ‘இது வெர்னாவோட ரொட்டி, புத்தகத்தைப் பாத்து செஞ்சேன்’னாரு. உன் பேரச் சொன்னாரேன்னு ஆசையா ஒரு வாய் வெச்சேன்டீ. மூணு கப் காப்பி குடிச்சுத்தான் உள்ள எறக்கினேன்.”

வெர்னா ஒரு துண்டை வாயில் போட்டாள். தன் பெயருள்ள ரொட்டியை ஆறு வருடத்தில் அவள் தின்பது இதுதான் முதல் தடவை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவை ஒன்றையொன்று தெரியாதவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்பது போல நின்றன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“புத்தகத்தைப் பாத்தியா?” என்று கேட்டாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டு.

“அது எந்தப் பெட்டி மேல வெச்சேன்னே தெரியல. அத எதுக்குப் பாக்கணும்? யாரு குடுத்தா உனக்கு இந்தக் குறிப்பை? நான் எழுதிக் குடுத்தது என்னாச்சு?”

கோராவுக்குத் தெரியவில்லை. தன் ரொட்டியையே தின்றுவிட்டு, தன் ரொட்டி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக அதைக் கெடுத்திருக்கிறேன் என்று வெர்னாவுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. அடுத்த கணமே வாய் தானாகத் திறந்தது.

“அதுவா? தொலைஞ்சு போச்சு கோரா. பரணை ஒழிச்சப்போ எங்கயோ போயிடுச்சு.”

கோராவின் முகத்தில் ஏதோ அணைந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அறையில் விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறையில் போடுவது போல. உடனே சிரித்தாள்.

“போனாப் போகட்டும். சனிக்கிழமை வரேன். உன் அடுப்புலயே செஞ்சு காட்டறேன். கையப் பிடிச்சுச் சொல்லித் தரேன். இந்த வயசுலயாவது கத்துக்க.”

வேண்டாம் என்று சொல்ல வெர்னாவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தொலைந்துபோன அட்டை, அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கரண்டி இழுப்பறையில் இருந்தது.

சனிக்கிழமை காலையில் வெர்னா தடயங்களை அழித்தாள். இருபத்திரண்டு டப்பா பூசணி விழுதை அலமாரியிலிருந்து எடுத்துச் சலவை அறையில் துண்டுகளுக்கு அடியில் மறைத்தாள். ஒரே ஒரு டப்பாவை மட்டும், புதிதாக வாங்கியது போல, மேசை மேல் வைத்தாள். கருகிக் கறுத்துப் பழகிய இரண்டு ரொட்டி அச்சுகளை ஒளித்துவிட்டு, யாரோ திருமணநாளுக்குக் கொடுத்துப் பயன்படுத்தாமலே இருந்த பளபளப்பான அச்சுகளை எடுத்தாள். அட்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வேலை. கொலை செய்தவர்கள்கூட இவ்வளவு பாத்திரம் கழுவியிருக்க மாட்டார்கள்.

கணவன் எல்டன் இதையெல்லாம் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உண்மையச் சொல்லிட்டா இத விட வேலை கம்மி,” என்றான்.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. சரியா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்.”

கோரா ஒன்பது மணிக்கு வந்தாள். ஒரு துணிப்பை நிறைய சாமான். கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு, “கவனி” என்றாள்.

வெர்னா கவனித்தாள். தன் வாழ்நாளில் இதைவிடக் கடினமான வேலையை அவள் செய்ததில்லை. தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவது எல்லோருக்கும் பழக்கம். தெரிந்ததைத் தெரியாதது போலக் காட்ட நடிகையாகப் பிறந்திருக்க வேண்டும். கோரா மைதாவைக் கப்பால் மொண்டதும் வெர்னாவின் கை தானாகக் கத்தியை எடுத்து, விளிம்புக்கு மேலே குவிந்த மாவை வழிக்கப் போனது. பாதியில் நிறுத்தி, கத்தியால் ஒன்றுமில்லாத காற்றைக் கிளறினாள். ஜாதிக்காயைக் கோரா உரசத் தொடங்கியபோது, போதும் என்று சொல்லும் இடம் அவளுக்கு மூக்கிலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சோடா உப்பு எவ்ளோ?” என்று கேட்டாள், கேட்க வேண்டுமே என்று.

“ரெண்டு டீஸ்பூன். எழுதிக்கிறியா?”

“ஞாபகம் வெச்சுக்கறேன்.”

“போன தடவையும் அப்படித்தான் சொன்ன. அதனாலதான் எழுதிக் குடுத்தேன்.”

கோரா அச்சுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, வெர்னா பேச்சுவாக்கில் அச்சில் விரிக்கும் காகிதத்தை எடுத்து நான்கு மூலையிலும் கத்தரித்து, ஒரே மடிப்பில் அச்சுக்குள் இறக்கினாள். சுருக்கமில்லாமல் உட்கார்ந்தது. கோரா அதைப் பார்த்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா இத?”

“டிவில பாத்தேன்.”

“ம்,” என்றாள் கோரா.

அந்த நேரம் பார்த்து எல்டன் சலவை அறையிலிருந்து தலையை நீட்டினான். “வெர்னா, என் காலுறையத் தேடினேன். துண்டுக்கடியில பூரா பூசணி டப்பாவா இருக்கே?” சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

“பனிக்காலத்துக்கு,” என்றாள் வெர்னா. “சாலை அடைச்சுக்கிட்டா என்ன பண்றது?”

“சாலை அடைச்சுக்கிட்டா பூசணிக்காயத்தான் தின்னப்போறீங்களா ரெண்டு பேரும்?”

சர்க்கரை போட்டு, முட்டை நான்கு உடைத்து, டப்பா விழுதைக் கொட்டிக் கலக்கினார்கள். செங்காவி நிறத்தில் குழம்பிக் கிடந்த அதைப் பார்த்ததும் வெர்னாவின் தோள்கள் தளர்ந்தன. இதோ, முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்னும் எண்ணெய்தான். அதற்குப் பிறகு மாவைச் சேர்த்து, அடித்துக் கலக்காமல் மெதுவாகப் புரட்டி, ஓவனில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். நாளைக்கு ஜாய்ஸிடம் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தாள்.

கோரா துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தாள். உள்ளே வெளிறிய மஞ்சளாக ஏதோ இருந்தது.

“என்ன அது?”

“ஆப்பிள் மசியல். எண்ணெய்க்குப் பதிலா இத ஊத்தணும். ஒஹாயோல என் டாக்டர் எண்ணெயத் தொடக்கூடாதுன்னுட்டாரு. இப்பல்லாம் நான் இப்படித்தான்…”

“எண்ணெய் இல்லாமலா?”

“ஒரு சொட்டுகூட இல்லாம.”

“அது எப்படி கோரா? ஈரம் எங்கிருந்து வரும்?”

“ஆப்பிள்லேருந்து வரும். நீ என்னத்தக் கண்ட?”

“ஆப்பிள் தண்ணிடீ! தண்ணி வேற, ஈரம் வேற. முதல் நாள் நல்லாத்தான் இருக்கும், மூணாவது நாள் ரப்பரா இழுக்கும். ஒரு கப் எண்ணெய் போட்டாத்தான் நாலு நாள் ஆனாலும் அப்படியே நிக்கும். ஒரு கப்! நீயே எழுதியிருக்க, ஒரு கப்னு, அடியில கோடு போட்டு எழுதியிருக்க!”

ஏப்ரன் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கோராவின் மூக்குக்கு நேராக நீட்டிய பிறகுதான், தன் கை என்ன செய்துவிட்டது என்று வெர்னாவுக்குத் தெரிந்தது.

 கோரா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். எண்ணெய் ஊறி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் அட்டை. ஒரு மூலை கருகியிருந்தது. தன் கையெழுத்தைப் படித்தாள். பிறகு திருப்பினாள்.

பின்பக்கத்தில் வெர்னாவின் பொடிப்பொடியான எழுத்து. யார் வீட்டுக்கு எப்போது கொண்டுபோனேன் என்று குறித்து வைத்திருந்தாள். ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்துப் போய்விடக் கூடாதே என்று. அபிகெய்ல் கண் அறுவை, இரண்டு. டட்டில் வீட்டுச் சாவு, மூன்று. புதுப் போதகர், ஒன்று. பள்ளி ஆசிரியைக்குக் குழந்தை, இரண்டு. அட்டை போதாமல் இன்னொரு காகிதத்தை ஒட்டி எழுதியிருந்தது.

“தொலைஞ்சு போகல,” என்றாள் கோரா.

“இல்ல.”

“அப்போ அந்தப் போதகர் குடுத்தது?”

“அதுவும் உன்னோடதுதான். எண்ணெயப் பாதியாக்கி என் பேரப் போட்டுக் குடுத்தேன். புத்தகத்துல.”

“எதுக்குப் பாதியாக்கின?”

“அப்போ எடை குறைச்சுக்கிட்டிருந்தேன்.”

கோரா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பேன் என்றும் நினைத்தாள். அது பொய் என்றும் உடனே தெரிந்தது.

“போன வாரம் தபால் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு ‘ஊருக்குப் புதுசா?’ன்னு கேட்டுச்சு,” என்றாள் கோரா, அட்டையைப் பார்த்தபடியே. “நான் பொறந்ததே இந்த ஊர்ல. கோபம் வரல. ஒன்பது வருஷம் ஆச்சே, யாருக்கு ஞாபகம் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா பாரு, என்னோடது ஒண்ணு வீட்டுக்கு வீடு போய் உக்காந்திருக்கு. சாவு வீட்டுக்கு, புள்ள பொறந்த வீட்டுக்கு. எனக்குத்தான் தெரியல.”

வெர்னாவிடம் காரணங்கள் நிறைய இருந்தன. கோடு சின்னது. நீ கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டாய். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியில் சாமான் ஏற்றிய பிறகுதான் சொன்னாய். எனக்கென்று கூடையைத் தவிர ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாமே உண்மைதான். எதுவும் உதவாது. ஆறு வருடமாக ஒரு மன்னிப்பைக் கேட்காமலிருக்க எத்தனை ரொட்டி சுட்டிருக்கிறேன் என்ற கணக்கு மட்டும், அட்டையின் பின்பக்கத்தில், அவள் கையெழுத்திலேயே இருந்தது.

“மன்னிச்சுடு கோரா.”

கோரா அட்டையை மறுபடி முன்பக்கம் திருப்பினாள். கிண்ணத்தில் கரண்டி நின்றுகொண்டிருந்தது.

வெர்னா எழுந்து போனை எடுத்தாள். இதை நல்ல மனதோடு செய்தாள் என்று சொல்ல முடியாது. அந்த மௌனத்தில் இன்னொரு நிமிடம் உட்கார்ந்திருப்பதைவிட ஜாய்ஸே மேல் என்று தோன்றியது.

“ஜாய்ஸ், பூசணி ரொட்டிக்கு ஒரு திருத்தம் இருக்கு.”

“அப்பாடா! எண்ணெய்தானே? எனக்கு அப்பவே சந்தேகம். அச்சுக்காரன்தான் தப்பு பண்ணியிருப்பான். ஒரு கப்னு மாத்தி, ‘அச்சுப் பிழை’ன்னு கீழ போட்டுடறேன்.”

எவ்வளவு அழகான வழி. ஜாய்ஸ் கதவைத் திறந்து, மிதியடியும் போட்டு வைத்திருந்தாள். யாரென்றே தெரியாத ஒரு அச்சுக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம். வெர்னா மூன்று நொடி அந்த வாசலில் நின்றாள். கோரா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அச்சுப் பிழை இல்ல. நான்தான் குறைச்சு எழுதினேன். உங்க தராசுக்குப் பயந்து.”

“என் தராசுக்கா?”

“அப்புறம், பேரும் தப்பு. அது என்னோட ரொட்டி இல்ல. கோரா பிளாட்ஜெட்டோடது. எங்க எதிர்வீடு. நான் எடுத்துக்கிட்டேன்.”

மறுமுனையில் பென்சில் நின்றது கேட்டது. “எடுத்துக்கிட்டீங்கன்னா…”

“திருடினேன் ஜாய்ஸ்.”

“இருங்க, இருங்க. மெதுவா.” காகிதம் புரளும் சத்தம். “சரி. அந்தப் பேர மாத்திடறேன். அப்போ உங்க பேருல என்ன போடறது? வேற ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“சாலட் ஏதாவது? ஜெல்லி?”

“ஒண்ணும் இல்ல. நான் பன் கொண்டுவருவேன்.”

“ஆமா,” என்றாள் ஜாய்ஸ், இரக்கத்தோடு. “அந்தக் கூடை ரொம்ப அழகு. சரி, எண்ணெய் ஒரு கப். எழுதிக்கிட்டேன்.”

“எண்ணெய் இல்ல,” என்றாள் கோரா, மேசையிலிருந்து.

வெர்னா போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். “என்னது?”

“என் பேருல போடறதா இருந்தா நான் இப்ப செய்யற மாதிரிதான் போடணும். ஆப்பிள் மசியல். ஒரு கப்.”

“கோரா, வேணாம். ஊரே ஒரு நல்ல ரொட்டிக்காக ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கு.”

“அது யாரால?”

 வெர்னா போனைக் காதில் வைத்தாள். ஒரு திருடியின் ஆழ்ந்த மனவேதனையோடு சொன்னாள்: “ஜாய்ஸ், எண்ணெய அடிச்சுடுங்க. ஆப்பிள் மசியல், ஒரு கப்.”

“நிஜமாவா? அது நல்லா இருக்குமா?”

“எனக்குத் தெரியாது,” என்றாள் வெர்னா. “அவளோட ரொட்டி.”

போனை வைத்ததும் இருவரும் வேலையை முடித்தார்கள். கோரா மசியலைக் கொட்டினாள், வெர்னா மாவைப் புரட்டினாள். நடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதால் அவள் கை வேகமாக ஓடியது. கோரா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நல்லாத்தான் பொரட்டற,” என்றாள் ஒரு தடவை. அது பாராட்டு போல இல்லை. காணாமல்போன தன் கோட்டை வேறொருத்தி போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று சொல்வது போல இருந்தது. ஓவனில் வைத்த பிறகு எல்டன் வந்து, இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, விறகு எடுத்துவரப் போய்விட்டான். விறகு ஏற்கெனவே நிறைய இருந்தது.

ரொட்டிகள் நடுவில் வெடித்து எழும்பி வந்தன. ஆறும் வரை காத்திருக்காமல் கோரா ஒன்றின் ஓரத்தை வெட்டி நீட்டினாள்.

“எப்படி இருக்கு?”

வெர்னா மென்றாள். இலேசாக இருந்தது. பட்டை வாசனை தூக்கலாகத் தெரிந்தது. ஈரமும் இருந்தது, ஆனால் மழை நின்ற பின் சட்டையில் இருக்கும் ஈரம். உள்ளே ஊறிய ஈரம் அல்ல. நல்லா இருக்கு என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. இந்த வாரத்தில் அந்த வாய் போதுமான அளவு வேலை செய்துவிட்டது.

“எண்ணெய் ஊத்தினது இத விட நல்லா இருக்கும்,” என்றாள்.

“எனக்குத் தெரியாதா?” என்றாள் கோரா. “மூணு வருஷமா இதத்தான் தின்னுக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அழுகையா வரும்.”

“அப்புறம் ஏன்டீ ஜாய்ஸ்கிட்ட…”

“ஏன்னா அது என் இஷ்டம்.”

 கோரா இரண்டு ரொட்டியையும் சூட்டோடு தாளில் சுற்றினாள். இரண்டையும் தன் பைக்குள் வைத்தாள். சேர்ந்து சுட்டால் ஆளுக்கொன்று என்பதுதான் வழக்கம். வெர்னா அதை நினைவூட்டவில்லை. கோரா அட்டையையும் எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் மறுபடி ஒரு தடவை பார்த்து, கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டாள். வாசலில் கையுறையை மாட்டும்போது திரும்பினாள்.

“செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வா. அந்தத் துண்டுக்கடியில இருக்கறதுல ரெண்டு டப்பா எடுத்துக்கிட்டு வா. எண்ணெய் எங்கிட்ட இருக்கு.”

“டாக்டர்?”

“டாக்டர் ஒஹாயோல இருக்காரு. ஒரு துண்டு. ஒண்ணே ஒண்ணு. நீயும் ஊருக்குச் சொல்லிக்கிட்டுத் திரியாத.”

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“அதத்தான் ஆறு வருஷமா பாத்தோமே,” என்று சொல்லிவிட்டு, கோரா படி இறங்கிப் போனாள்.